பாக்கெட்டில் வராத விளையாட்டு

பத்து ரூபாய்க்குப் போக்கிமான் கார்டு பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. ஆடத் தெரிந்தவர்கள்தான் இல்லை. பிள்ளைகள் கையில் புரளும் இந்தக் கார்டுகளை என்ன செய்வது?

மாலை நாலேகால். கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூட மணி அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் புழுதியோடு கிளம்புகிறது. பெட்டிக்கடை வாசலில், தேன்மிட்டாய் பாட்டிலுக்கும் ஷாம்பு சரத்துக்கும் நடுவே இன்னொரு சரம் தொங்குகிறது. மஞ்சளும் நீலமுமாக மின்னுகிற சின்னச் சின்ன பாக்கெட்டுகள்.

ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற பையன் ஒருவன் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டுகிறான். கைக்கு வந்த பாக்கெட்டை அவன் எடுப்பதில்லை. ஒவ்வொன்றாக விரலால் தடவி, கனம் பார்த்து, நடுவிலிருந்து ஒன்றை உருவுகிறான். பல்லால் கிழிக்கிறான். நாலு தலைகள் குனிகின்றன.

"ஹெச்பி எவ்ளோடா?"

"முந்நூத்தி இருவது."

"போச்சு! என்னுது முந்நூத்தி நாப்பது. குடு, குடு."

கார்டு கை மாறுகிறது. போட்டி அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தோற்றவன் டிரவுசர் பாக்கெட்டில் இன்னொரு நாணயம் இருக்கிறதா என்று துழாவுகிறான்.

செய்யாற்றிலோ ஆரணியிலோ சென்னைப் புறநகரிலோ எந்தப் பள்ளி வாசலில் நின்றாலும் இதே காட்சிதான். வீட்டில் அம்மாக்கள் புலம்புகிறார்கள். ஆசிரியர்களின் மேசை இழுப்பறை பறிமுதல் கார்டுகளால் நிரம்புகிறது. இத்தனை களேபரத்துக்கு நடுவே ஒரு விஷயம் யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பையன்கள் ஆடியது போக்கிமான் கார்டு விளையாட்டே அல்ல.

## சிகரெட் அட்டையின் வாரிசு

அட்டை சேர்ப்பதும் அதைப் பணயம் வைத்து ஆடுவதும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அறுபது வயதைத் தொட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சிகரெட் பெட்டியின் அட்டையைக் கிழித்து, வட்டத்துக்குள் அடுக்கி, சில்லால் அடித்து வெளியே தள்ளுகிற ஆட்டம். ஊரில் எல்லோரும் புகைக்கிற சார்மினாருக்கு மதிப்புக் கம்மி. கோல்டு ஃபிளேக் கொஞ்சம் உசத்தி. வெளிநாட்டிலிருந்து வந்தவர் வீசியெறிந்த 555 அட்டை கிடைத்தால் அன்றைக்கு அவன்தான் தெருவுக்கு ராஜா.

அப்புறம் பிக் ஃபன் பபிள்கம் வந்தது. உள்ளே கிரிக்கெட் வீரர் படமும் ரன் கணக்கும். தொண்ணூறுகளில் மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, ஜெயித்த சண்டை என்று எண்களை ஒப்பிட்டுக் கார்டைப் பிடுங்கும் ஆட்டம் அது. 2000-களில் சீட்டோஸ் பாக்கெட்டுக்குள் போக்கிமான் டாஸோ. ஐ.பி.எல். வந்ததும் கிரிக்கெட் அட்டாக்ஸ்.

இப்போது கையில் இருப்பது வேறு சாதி. அதன் மூலவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர், கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1993-ல் அவர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' ஒரு புதுமையைக் கொண்டுவந்தது. இரண்டு பேரும் ஒரே கட்டிலிருந்து ஆடவேண்டியதில்லை; ஆயிரக்கணக்கான கார்டுகளில் தனக்கு வேண்டியதைப் பொறுக்கி, ஆளுக்கொரு கட்டைத் தானே அமைத்துக்கொண்டு வரலாம். அந்த வழியில் 1996 அக்டோபரில் ஜப்பானில் போக்கிமான் கார்டு பிறந்தது. 1999-ல் ஆங்கிலத்தில் வந்தது. 2025 மார்ச் வரை அச்சான போக்கிமான் கார்டுகள் 7,500 கோடிக்கு மேல் என்கிறது அந்த நிறுவனத்தின் கணக்கு. பெட்டிக்கடைச் சரத்தில் தொங்குவது அந்தக் கணக்கில் சேராது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

---
பெட்டிச் செய்தி: ஆட்டம் இதுதான்

ஆளுக்கு 60 கார்டு கொண்ட கட்டு. அடிப்படை எனர்ஜி கார்டு தவிர, ஒரே பெயருள்ள கார்டு 4-க்கு மேல் கூடாது. கலைத்து 7 கார்டு கையில் எடுக்க வேண்டும். அதில் ஓர் அடிப்படை போக்கிமானாவது (நேரடியாகக் களத்தில் இறக்கக்கூடியது) இல்லையென்றால் எதிராளியிடம் காட்டிவிட்டு மறுபடி கலைக்கணும்.

ஒரு போக்கிமான் முன்னால் நின்று சண்டை போடும். பின்னால் பெஞ்சில் 5 வரை உட்காரலாம். கட்டிலிருந்து 6 கார்டு 'பரிசு' என்று குப்புற ஒதுக்கி வைக்கப்படும்.

ஒவ்வொரு முறையும் ஒரு கார்டு எடுக்கலாம். தாக்குதலுக்குத் தேவையான எனர்ஜி கார்டைக் கையிலிருந்து ஒன்று மட்டும் போக்கிமானோடு சேர்க்கலாம். தாக்கினால் முறை முடிந்தது.

எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால் பரிசுக் கார்டு ஒன்றை எடுக்கலாம். பலசாலி வகைகளை வீழ்த்தினால் இரண்டு, மூன்று. ஆறையும் எடுத்தவர் ஜெயித்தார். எதிராளிக்குக் களத்தில் போக்கிமானே இல்லையென்றாலும், தன் முறை வரும்போது அவர் கட்டில் எடுக்கக் கார்டு இல்லையென்றாலும் வெற்றிதான்.
---

## நூறு ஜெயிக்கும், நூற்றிருபது தோற்கும்

பையன்கள் ஏன் ஹெச்பி எண்ணை, அதாவது போக்கிமான் எவ்வளவு அடி தாங்கும் என்பதை மட்டும் பார்க்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். கார்டில் எண்ணைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். அதுவும் பொடி எழுத்து. தாய்லாந்து மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் 2019 முதல் போக்கிமான் கார்டு அச்சாகிறது. தமிழில் கிடையாது. டி.வி.யில் பிகாச்சு தமிழ் பேசுகிறது, கார்டில் பேசுவதில்லை. விதிப் புத்தகமோ பத்து ரூபாய் பாக்கெட்டுக்குள் வராது.

ஆகவே பிள்ளைகள் கையில் இருந்ததை வைத்துச் சமாளித்துவிட்டார்கள். அப்பா காலத்து ட்ரம்ப் கார்டு ஆட்டத்தின் விதியை ஜப்பான் கார்டின் மேல் ஏற்றிவிட்டார்கள். எனக்கு இதில் ஒரு மரியாதையே உண்டு. ஆனால் இதனால் அவர்கள் எதை இழக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

1999-ல் வந்த முதல் தொகுதியின் இரண்டு கார்டுகளை எடுத்துக்கொள்வோம். நெருப்பு வகை சாரிஸார்டு: ஹெச்பி 120. தண்ணீர் வகை பிளாஸ்டாய்ஸ்: ஹெச்பி 100. கடை வாசல் ஆட்டத்தில் சாரிஸார்டு ஜெயித்துவிட்டது, பிளாஸ்டாய்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

நிஜ ஆட்டத்துக்கு வாருங்கள். சாரிஸார்டு ஒரே அடியில் 100 சேதம் செய்யும். அதாவது பிளாஸ்டாய்ஸ் காலி. ஆனால் அந்த அடிக்கு நாலு எனர்ஜி வேண்டும். முறைக்கு ஒன்றுதான் சேர்க்கலாம் என்பதால் நாலு முறை காத்திருக்கணும். அடித்தபின் இரண்டு எனர்ஜியைக் கழற்றி எறியணும். பிளாஸ்டாய்ஸுக்கோ ஒரு தனி வரம்: ஒரே முறையில் எத்தனை தண்ணீர் எனர்ஜி வேண்டுமானாலும் தண்ணீர் வகைக்கு ஏற்றலாம். ஐந்து ஏற்றினால் அதன் தாக்குதல் 60. சாரிஸார்டின் பலவீனம் தண்ணீர், ஆகவே சேதம் இரட்டிப்பு. 60-ஐ இரண்டால் பெருக்கினால் 120. சாரிஸார்டு சுருண்டது.

எனர்ஜியை எதற்கு முதலில் சேர்ப்பது, எதை முன்னால் நிறுத்துவது, எப்போது பின்வாங்குவது என்று யோசிப்பதில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. அது தெரிந்தவனுக்கு ஹெச்பி 340 என்பது வெறும் எண். அவன் கேட்கிற கேள்வி, 'இது என் கட்டுக்குப் பொருந்துமா' என்பதுதான். பொருந்தாத கார்டை இனாமாகக்கூட வாங்க மாட்டான்.

## பிரைஸ் கிழித்த கை

தடவிப் பார்த்துப் பாக்கெட் உருவினானே அந்தப் பையன், அந்தக் கைவேலை எங்கோ பார்த்தது போலில்லை? அந்நாளில் பெட்டிக்கடையில் பிரைஸ் அட்டை தொங்கும். நாலணா கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் நம்பர் வரும். பெரிய பந்து யாருக்கும் விழாது; பலூனோ ஒரு மிட்டாயோ விழும். 'அடுத்தது நிச்சயம்' என்று இன்னொரு நாலணா. வளர்ந்தபின் அதே கை லாட்டரிச் சீட்டு வாங்கியது. எத்தனையோ குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய பிறகு 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்தது.

கார்டு பாக்கெட்டின் சூட்சுமமும் அதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பெரும்பாலும் சாதாரணக் கார்டு. எப்போதாவது ஓர் அபூர்வம். அந்த 'எப்போதாவது'தான் அடுத்த பாக்கெட்டை வாங்க வைக்கிறது. ஒரிஜினல் கம்பெனி பாக்கெட்டுக்கும் இது பொருந்தும். நகரத்து வீடுகளில் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிற பெரியவர்களும் இதே வலையில்தான் விழுந்து கிடக்கிறார்கள்.

இது சூதாட்டம் ஆகாதா? சட்டத்தின் பதில் வளைந்து நெளிந்து போகிறது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. அந்த அளவுகோலில் போக்கிமான் ஆட்டம் சந்தேகமில்லாமல் திறமைதான். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைக் குறிவைத்தது. பெட்டிக்கடைச் சரம் அதன் கண்ணில் படாது. பெல்ஜியம் 2018-ல் வீடியோ கேம்களில் காசுக்கு விற்கும் மர்மப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. அச்சடித்த கார்டைத் தொடவில்லை. அமெரிக்காவில் 1990-களில் கார்டு பாக்கெட் விற்பனையே சூதாட்டம் என்று பல வழக்குகள் போடப்பட்டன. 2002-ல் கலிபோர்னியா வழக்குகள் மேல்முறையீட்டில் தள்ளுபடியாயின. பாக்கெட் வாங்கியவருக்குப் பாக்கெட் கிடைத்துவிட்டது, நினைத்த கார்டு வராத ஏமாற்றத்தைச் சொத்து இழப்பாகக் கருத முடியாது என்பது நீதிமன்றத்தின் வாதம்.

ஆட்டத்தில் திறமை இருக்கிறதா என்றுதான் நீதிமன்றங்கள் எடை போடுகின்றன. குருட்டு அதிர்ஷ்டமோ ஆட்டத்துக்கு வெளியே, கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். திறமை வேண்டிய பகுதிக்கு அவர்கள் வந்து சேர்வதே இல்லை.

கணக்கும் போட்டுப் பாருங்கள். நாளுக்குப் பத்து ரூபாய், 200 பள்ளி நாள் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 2,000 ரூபாய். நூறு நாள் வேலையில் 2025-26-க்குத் தமிழ்நாட்டின் நாள்கூலி 336 ரூபாய். மண்வெட்டி பிடித்த ஆறு நாள் கூலி, பளபளக்கிற பிளாஸ்டிக்காக வீட்டு மூலையில் கிடக்கும்.

## "லட்சத்துக்குப் போகுமாமே?"

பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ப் பண்டிகைக்கு ஊர் திரும்புகிற மாமா, ஒரு டப்பா தங்கக் கார்டு வாங்கிவந்து மருமகனிடம் சொல்வார்: "பத்திரமா வெய்யி, பின்னால லட்சத்துக்குப் போவும்." அவர் யூடியூப்பில் பார்த்தது பொய்யில்லை. லோகன் பால் என்ற அமெரிக்க யூடியூபர் 2021-ல் ஒரு பிகாச்சு கார்டை 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்பில் வாங்கினார். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 40 கோடி ரூபாய்.

அந்தக் கார்டின் கதையை மாமா கேட்டிருக்க மாட்டார். 1997-98-ல் ஜப்பானில் ஒரு சிறுவர் பத்திரிகை நடத்திய ஓவியப் போட்டியில் பரிசு பெற்றவர்களுக்குக் கொடுத்த கார்டு அது. எந்தக் கடையிலும், எந்தப் பாக்கெட்டிலும் அது விற்கப்படவே இல்லை. உலகத்திலேயே விலை உயர்ந்த போக்கிமான் கார்டு, படம் வரைந்த பிள்ளைகளின் கைக்குப் போன கார்டு.

மற்ற கார்டுகளுக்கு விலை வேண்டுமென்றால் அசலாக இருக்கணும், அரிதாக இருக்கணும், மூலை மழுங்காமல் இருக்கணும். அமெரிக்காவில் 1991 முதல் இயங்கும் பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் கார்டின் நிலையை 1 முதல் 10 வரை மதிப்பிடுகின்றன. ரப்பர் பேண்டு போட்டு டிரவுசர் பாக்கெட்டில் ஒரு வாரம் சுமந்த கார்டுக்குப் பத்து கனவிலும் கிடைக்காது. மாமா வாங்கிவந்த தங்கக் கார்டுக்கோ முதல் நிபந்தனையே பொய்த்துவிடுகிறது.

---
பெட்டிச் செய்தி: அசலா, நகலா?

55 தங்கக் கார்டு ஒரே டப்பாவில் என்றால் யோசிக்கவே வேண்டாம், நகல். உலோகம், தங்கமுலாம் பூசிய கார்டுகளைக் கம்பெனி வெளியிட்டது சில சிறப்புத் தருணங்களில் மட்டுமே.

பின்பக்கத்தைப் பாருங்கள். நீலம் வெளிறியோ ஊதாவாகவோ இருந்தால் சந்தேகம். போக்கிமான் என்ற ஆங்கிலப் பெயரில் 'ஈ' எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு உண்டு. பல நகல்களில் அது காணாமல் போயிருக்கும்.

டார்ச் வெளிச்சத்தில் பிடியுங்கள். அசல் அட்டையின் நடுவே கறுப்பு அடுக்கு உண்டு. வெளிச்சம் எளிதில் ஊடுருவாது.

எழுத்துப் பிழை, கன்னாபின்னா ஹெச்பி, கீழ் ஓரத்தில் தொகுதி எண்ணோ ஆண்டோ இல்லாமை: மூன்றும் நகலின் அடையாளம்.
---

நகல் கார்டு விற்பது வணிக முத்திரைச் சட்டப்படி குற்றம். அதற்காகப் பெட்டிக்கடைப் பாட்டியைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பௌர்ணமி கிரிவலத்தில் 14 கிலோமீட்டர் பாதை நெடுக விரிகிற பொம்மைக் கடைகளில் எத்தனை கம்பெனியின் நகல்கள் இருக்கின்றன! உண்மையான கெடுதல் பிள்ளைகளுக்கு நடுவேதான் நடக்கிறது. பெரியப்பா வாங்கிக்கொடுத்த அசல் கார்டைச் சின்னப் பையன் ஒருவன் நாலு பளபள நகலுக்கு மாற்றிக்கொண்டு சந்தோஷமாக வீடு திரும்புவான். மாற்றிக்கொண்ட பெரிய பையனுக்கு விஷயம் தெரியும். மறுநாள் இரண்டு வீட்டுத் திண்ணையிலும் சண்டை. பள்ளிகள் தடை போடுவது இதனால்தான். அமெரிக்கப் பள்ளிகள் 1999-லேயே போட்ட தடை இது. தடை போட்டும் கார்டு ஒழிந்ததா என்ன? பைக்குள் இருந்தது சாக்ஸுக்குள் போனது.

## சரி, ஆரம்பிப்பது எப்படி?

முதலில், பாக்கெட் வாங்குவதை நிறுத்துங்கள். கார்டு விளையாட்டில் ஊறியவர்கள் உலகமெங்கும் சொல்கிற முதல் பாடம் இது. ஆட வேண்டுமென்றால் ஆயத்தக் கட்டு வாங்கு, குறிப்பிட்ட கார்டு வேண்டுமென்றால் அதை மட்டும் உதிரியாக வாங்கு. பல கார்டுகள் உதிரியில் டீ விலைக்கே கிடைக்கும்.

போக்கிமானில் 'பேட்டில் அகாடமி' என்று ஒரு பெட்டி வருகிறது. அறுபது கார்டுள்ள மூன்று கட்டுகள், ஆடுகிற பலகை, படிப்படியாகச் சொல்லித்தரும் கையேடு எல்லாம் உள்ளே இருக்கும். விலை ஆயிரங்களில். ஒரு வீட்டுக்கு அது கனம்தான். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினால் பத்துப் பிள்ளைகள் மாற்றி மாற்றி வருஷக்கணக்கில் ஆடலாம். கேரம் போர்டு வாங்கி ஊர் இளைஞர் மன்றத்தில் போடுவதில்லையா, அதுபோல. நூலகரோ கணக்கு வாத்தியாரோ ஒருவர் முன்வந்தால் இன்னும் நல்லது.

அதுவும் முடியாதா? காலண்டர் அட்டையை வெட்டுங்கள். எனர்ஜி கார்டுக்கு ஒரு வண்ணப் பொட்டு போதும். போக்கிமான் பெயர், ஹெச்பி, தாக்குதல், பலவீனம் நாலையும் தமிழில் எழுதிக்கொண்டால் கார்டு தயார். போட்டிக்குக் கொண்டுபோக முடியாது, விற்கக் கூடாது. வீட்டுத் திண்ணையில் ஆட எந்தத் தடையும் இல்லை. இப்படி எழுதி ஆடுகிற பிள்ளைக்கு ஆங்கிலக் கார்டின் வாசகம் தானாகவே பிடிபட ஆரம்பிக்கும். போனில் 'போக்கிமான் டி.சி.ஜி. லைவ்' இலவசமாகக் கிடைக்கிறது, விதிகளைப் பழக உதவும். 2024 அக்டோபரில் வந்த 'பாக்கெட்' செயலி 20 கார்டில் முடிகிற குட்டி ஆட்டம். அதில் பாக்கெட் பிரிக்கும் போதையும் கூடவே வருகிறது. பெற்றோரின் காசு இணைக்கப்பட்ட போனில் அது வேண்டாம் என்பேன்.

கட்டு அமைக்கும்போது புதியவர் செய்கிற தப்பு ஒன்றுதான். பிடித்த பெரிய கார்டுகளையெல்லாம் உள்ளே திணிப்பது. 60 கார்டில் ஒரு கார்டு ஒரே ஒரு பிரதி இருந்தால், முதல் ஏழில் அது வர வாய்ப்பு நூற்றுக்கு 12-க்கும் கீழே. நாலு பிரதி வைத்தால் 40. அடிப்படை போக்கிமான் மொத்தம் 12 வைத்தாலும், ஐந்தில் ஒருமுறை கை வெறுங்கையாக வந்து மறுபடி கலைக்க வேண்டியிருக்கும். பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் சேர்வுகள் என்று வருகிற கணக்கு இது. இழுப்பறையில் பறிமுதல் கார்டை வைத்திருக்கும் ஆசிரியர்கள், ஒரு பீரியட் அதை வெளியே எடுத்து மேசையில் கொட்டினால் நிகழ்தகவு நடத்தக் கரும்பலகையே தேவைப்படாது.

ஏற்கெனவே குவிந்து கிடக்கும் நகல் கார்டுகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அவற்றைத் திருப்பிப் போட்டால் சேதம் எண்ணும் வில்லை ஆகும். புளியங்கொட்டையும் அந்த வேலைக்குத் தோதுதான், பத்துக்கு ஒன்று.

ஒரு வீட்டில் முதல் ஆட்டம் முக்கால் மணி நேரம் இழுக்கும். பாதியில் யார் முறை என்று மறந்துபோகும். பரவாயில்லை. ஒரே ஒரு விதியை மட்டும் ஆரம்பத்திலேயே சத்தமாகச் சொல்லிவிடுங்கள்: காசு சுண்டி யார் முதலில் ஆடுகிறாரோ, அவர் தன் முதல் முறையில் தாக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் சண்டை வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.